பீரோக் கதவுக்கு ஒரு முத்தம்

"…அந்தச் செவப்பு அழுக்கையா கேக்குறீங்க? நகத்தால சுரண்டுனா வரலண்ணே. வெந்நி ஊத்தித்தான் எடுத்தேன்" என்றார் கோவில் பித்தளைச் சாமான்களைத் தேய்த்துத் தரும் அம்மா, புளி ஒட்டிய விரல்களோடு.

அது அழுக்கில்லை, அரக்கு முத்திரை. சமயநல்லூர்ப் பக்கம் உள்ள எங்கள் கோவிலில் கண்ணாடி பதித்த பித்தளைச் சிமிழ் ஒன்று உண்டு. ஆண்டவர் அறையுண்ட சிலுவை மரத்தின் துணுக்கு அதற்குள் இருக்கிறது. நெல்மணியில் பாதிகூட இராது. அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் ரோமாபுரியிலிருந்து கொண்டுவந்தாராம். வேறு யாரும் திறக்கவில்லை என்பதற்கு அடையாளமாகப் பின்பக்கம் நூல் கட்டி முத்திரை வைத்திருந்தது. முத்திரை போனால், பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்தில் சரிபார்த்து மறுபடி முத்திரை வைக்கும்வரை மக்கள் முத்தமிட வெளியே எடுக்கக்கூடாது. மறுநாள் ஞாயிறோ திருச்சிலுவைத் திருநாள்.

"கட்டியிருந்த நூலு எங்கம்மா?"

"இத்துப்போயிருந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன்."

"இதை யாரு உங்களத் தேய்க்கச் சொன்னது?"

"நீங்கதான தூபக்கலசத்தோட மேசையில வச்சுட்டுப் போனீங்க? மேசையில இருக்கிறதெல்லாம் என் வேலைதானண்ணே."

வைத்தது நான்தான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. கோவில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்குச் செயலாளர் என்று பெயர். ஒரு சிமிழைப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லை. ஆயர் இல்லத்துக்கு நான்கு முறை போன் செய்தேன். பொறுப்பான சாமியார் வெளியூர், கடிதம் எழுதுங்கள் என்றார்கள். எங்கள் ஃபாதர் சிமிழைப் பூசைத்துணி வைக்கும் இரும்பு பீரோவில் பூட்டிவிட்டார்.

அந்த அம்மாவின் முகம் அப்போதுதான் வாடியது. "எங்க வீட்டு மனுசனுக்குத் திங்கக்கெழம இருதய ஆப்ரேசன். திருச்சிலுவைய முத்தி செய்யாம ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க மாட்டேன்னு நிக்கிறாரு. அவருக்காகத்தான அம்புட்டுப் பளபளன்னு தேச்சேன்."

ஞாயிறு பூசை முடிந்ததும், இந்த வருஷம் திருச்சிலுவை முத்தம் கிடையாது என்று ஃபாதர் ஒரே வரியில் சொன்னார். வாடிப்பட்டிக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "ரெண்டு பஸ் மாறி வந்தது பூட்டப் பாக்கவா மாப்ள?" என்றது பலிபீடம் வரை கேட்டது. ஒவ்வொருவர் முத்தமிட்ட பின்னும் கண்ணாடியைத் துடைக்க நான் வருஷாவருஷம் பிடிக்கும் வெள்ளைத் துணி, பழக்கதோஷத்தில் கையில் இருந்தது. எரிச்சலோடு, பீரோ இருக்கும் பூசை அறைக்குள் போனேன்.

பின்னாலேயே அந்த அம்மாவின் புருஷன், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்.

"உள்ளதான இருக்கு?"

"உள்ளதாண்ணே. ஆனா பூட்டியிருக்கு."

"ஆண்டவருக்கே பூட்டா?" என்றவர், பீரோக் கதவில் நெற்றியை வைத்தார். பிறகு அழுந்த ஒரு முத்தம். "போதும். நாளைக்கு வாரேன்னு ஆஸ்பத்திரியில சொல்லிரு" என்றார் மனைவியிடம்.

திரும்பினால் வாசல்வரை வரிசை. முன்னால் நின்றவர் வாடிப்பட்டிக்காரர்.

"அய்யா, இது துணி வைக்கிற பீரோ! போங்கய்யா வெளியே!" என்று கத்தினேன். ஒருவரும் நகரவில்லை.

அந்த அம்மா என் கையிலிருந்த துணியை வாங்கி, புருஷன் முத்தமிட்ட இடத்தைத் துடைத்துவிட்டு, "அடுத்த ஆளு வாங்க" என்றார்.