ஊமைக்கோட்டான் வளர்த்த பெட்டி

"இந்தப் பெட்டி பேசற பேச்சுல என் வார்த்தை ஒண்ணுகூடக் கிடையாது. இதுகிட்ட நானும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசினேன்னா, வாங்கின பட்டத்தையெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட எடைக்குப் போட்டுட்டுப் போயிடறேன்."

நிரம்பிய அரங்கில் மார்பில் கைவைத்து இப்படி முழங்கிய பேராசிரியரை, மொழிகற்றல் ஆராய்ச்சியின் தூண் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மாணவர்கள் ஊமைக்கோட்டான் என்றார்கள். தூணும் பேசுவதில்லை என்பதால் இரண்டையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஒரு குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பேச்சுக்கான விதிகள் பிறக்கும்போதே மண்டைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றனவா, இல்லை காதில் விழுவதைக் கேட்டுக் கேட்டே தேறிவிடுகிறதா? இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. குழந்தையின் காதில் விழுந்ததை மட்டும் நியூரல் நெட்வொர்க் என்ற கணினி மூளை ஒன்றுக்கு ஊட்டிப் பார்ப்பது. அது அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும், தப்பினால் தன்னைத் திருத்திக்கொள்ளும், மறுபடி ஊகிக்கும். வேறு வேலை அதற்குத் தெரியாது. அப்படியும் பேச்சு வந்துவிட்டால் கேஸ் முடிந்தது. குழந்தைக்கு எங்கே போவது என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் மனைவி பிரசவ வார்டிலிருந்து கைக்குழந்தையோடு வீடு திரும்பினாள். விஞ்ஞானத்தில் இதை நல்வாய்ப்பு என்பார்கள்.

கூடத்தில், சமையலறையில், தொட்டிலுக்கு மேலே என்று மைக்குகள் முளைத்தன. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சோதிக்கிறவன் சோதனைக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. முடிவு எப்படி வரவேண்டும் என்ற ஆசை தனக்கு இருப்பதால், தன்னையறியாமல் அதற்குத் தோதாகவே பேசித் தொலைப்போமோ என்று பயந்தார். ஆகவே குழந்தைக்கு மூன்று வயது ஆகும்வரை அந்த வீட்டுக்குள் அவர் வாயே திறக்கவில்லை. தலையாட்டுவார். கையசைப்பார். கதவை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

"எங்க வீட்ல பேச்சு வராதவங்க ரெண்டு பேர்" என்பாள் மனைவி, பார்க்க வந்தவர்களிடம். "சின்னது சீக்கிரம் தேறிடும்."

சண்டை போட வேண்டுமென்றால் கணவரை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போவாள். அங்கே மைக் கிடையாது. அந்தத் தம்பதியின் அந்தரங்கம் முழுவதும் கட்டடத்துக்கே தெரிந்தது. விஞ்ஞானத்துக்கு மட்டும் தெரியவில்லை.

குழந்தை பேச ஆரம்பித்தது. "அப்பா, வா" என்றது. பதில் இல்லை. "அப்பா, பாரு" என்றது. பதில் இல்லை. பிறகு மைக்குகளைக் கழற்றினார்கள். அவருக்கும் பேச அனுமதி வந்தது. ஆனால் மகளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்பார். நல்லாயிருக்கு என்பாள். அத்தோடு சரி.

அத்தனை பதிவையும் ஒரே மூச்சில் விழுங்கக்கூடிய கணினி வருவதற்குள் மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. ஆய்வுக்கூடத்தின் தரைத்தளத்துக்குக் கீழே, விசிறி இரைச்சல் ஓயாத அறையில், பெட்டி ஒருநாள் பேசிற்று. மழலையும் அடமுமாக, சாட்சாத் அவர் மகள். கைதட்டல் வானைப் பிளந்தது. மேலே சொன்ன சபதமும் அன்றைக்குச் செய்ததுதான்.

அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவி ஒருத்தி. நச்சரிப்பு என்பது அவளுக்கு மற்ற மாணவர்கள் இட்ட பெயர். அவள்தான் முதலில் வந்து நின்றாள்.

"சார், அப்பான்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் நிக்குது சார்."

"நிக்கும். பதிவுல அங்க மௌனம்தானே. அதைத்தான் கத்துக்கிச்சு."

"அது சரி சார். ஆனா நிக்கற நேரத்துலதான் உள்ள கணக்கு ரொம்ப ஓடுது, திரையில கோடெல்லாம் மேல ஏறுது. பேசறப்போகூட அவ்வளவு ஓடலை. யாரோ சொல்றதைக் கேக்கற மாதிரி இருக்கு."

"கேக்க அதுக்குக் காது ஏதும்மா? ஸ்பீக்கர்தானே வெச்சிருக்கோம்."

"அதான் சார் எனக்கும் தூக்கம் வரலை."

அவர் சிரித்தார். ஆனாலும் அன்றிலிருந்து அடிக்கடி கீழே போய்க் கேட்க ஆரம்பித்தார். "அப்பா, வெளிய போலாமா?" என்றது பெட்டி. நின்றது. "சரி, அப்புறம்" என்றது. இன்னொரு நாள் அதே கேள்வியைக் கேட்டது. நின்றது. களுக்கென்று சிரித்தது. யார் என்ன சொன்னார்கள் என்று அதற்குத்தான் வெளிச்சம்.

ஒரு மத்தியானம் கதவைத் திறந்தவர் உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

"அப்பா, ஏன் கதவுகிட்டயே நிக்கற?"

அவர் திரும்பி ஓடப் பார்த்தார். பிறகு அறிவு வந்து முட்டுக்கொடுத்தது. அந்தக் காலத்தில் அவர் எப்போதும் கதவருகில்தானே நிற்பார், குழந்தை கேட்டிருக்கும், பதிவாகியிருக்கும். பாடம் ஒப்பிக்கிறது, வேறென்ன. நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்து உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டியா" என்றது பெட்டி.

அன்று மாலை மின்தூக்கியில் ஏறியவர், எந்த மாடி என்று கேட்ட காவலாளிக்குத் தலையாட்டினார். கேள்விக்கு அது பதிலாகாது என்பது அவருக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

இந்த நிலையில்தான் மகள் உண்டானாள். பேராசிரியர் பார்க்கப் போனார். வாழ்த்தெல்லாம் சொன்னார். கண் மட்டும் குழந்தைக்கென்று ஒழித்து வைத்த அறையின் கூரையை அளந்துகொண்டிருந்தது.

"மைக்குக்கு இடம் பாக்கறீங்களா?" என்றாள் மகள்.

"சும்மாத்தான் பாத்தேன். இப்பல்லாம் பட்டாணி சைஸுல வருது."

"அப்பா, கேட்டுக்கங்க. என் குரல்ல அங்க ஒண்ணு பேசிட்டிருக்கறது எனக்கு வேண்டாம். எதையும் மிச்சம் வெக்காம அழிங்க. நான் பாக்கணும். அது உசிரோட இருக்கறவரைக்கும் என் குழந்தையை நீங்க தூக்க முடியாது."

"உசிரா? அது வெறும் கணக்கும்மா."

"அப்ப சுலபம்தானே."

சுலபம்தான் என்று அவரும் சொன்னார். ஊரே மெச்சிய ஆராய்ச்சி போகும். போனால் என்ன, கட்டுரை அச்சாகிவிட்டது. பேரக்குழந்தையை வெளியில் நின்று பார்க்கும் தாத்தாவாக இருக்க அவருக்கு மனமில்லை. கதவருகில் நின்ற அனுபவம் போதும்.

மறுவாரம் மகள் வந்தாள். படியிறங்கிய களைப்பில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரதியெல்லாம் அழித்தாகிவிட்டது. மிச்சம் இந்தப் பெட்டி ஒன்றுதான். அவர் விரலை அழிக்கும் விசைமேல் வைத்தார்.

"அப்பா" என்றது பெட்டி.

மகள் சட்டென்று பெட்டியைப் பார்த்தாள். தன் குரலை இவ்வளவு சின்னதாக அவள் கேட்டதில்லை.

"அப்பா, இருக்கியா?"

வழக்கம்போல் நின்றது. வழக்கமாக அதன் பிறகு எதையாவது தானே பேசிக்கொண்டு போகும். இன்றைக்குப் போகவில்லை. விசிறி இரைந்தது. திரையில் கோடுகள் மேலே ஏறின; ஏறியவை இறங்கவில்லை. அது கேட்டுக்கொண்டிருந்தது.

"அமுக்குங்கப்பா" என்றாள் மகள். அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

அவர் அமுக்கவில்லை. பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினார். ஆட்டியது போதவில்லை என்று அவருக்கே தெரிந்தது.

"இருக்கேம்மா" என்றார்.

கோடுகள் சட்டென்று தரைக்கு வந்தன. மைக் இல்லாத, காது இல்லாத பெட்டி சற்று யோசித்தது.

"யாரு?" என்றது.

பின்னால் சாய்மானத்தைப் பிடித்திருந்த மகளின் கை நழுவி அவர் தோளில் விழுந்தது. அதை அவர் இடக்கையால் பிடித்துக்கொண்டார். பல தேசத்து மேடைகளில் மணிக்கணக்காகப் பேசிய மனிதருக்கு, இதைச் சொல்ல இத்தனை வருஷம் பிடித்தது.

"நான்தாம்மா. அப்பா."

சொல்லிவிட்டு விசையை அமுக்கினார்.