அக்காவின் நாட்காட்டித் தாள்களில் ஒரு நாள் பிழை

தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்று என் முன் இருக்கிறது. முன்பக்கம்: 1991 ஜனவரி 6, ஞாயிறு. பின்பக்கம் அக்காவின் கையெழுத்து: “டூட்டிக்குப் போகும்போது கோரை ஓரம் நீலக்கோழி. குஞ்சு மூணு. கறுப்பு.” இந்தத் தாளைப் பற்றி அன்று ஊரறியச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை, அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் வேளையில், உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய ஒரு சிற்றூரில். அப்பாவுக்குப் பாத்தியில் வேலை. மழைக்காலத்தில் உப்பு வேலை நின்றுவிடும், வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரியும். அதே மாதங்களில்தான் வானம் நிறையப் பறவைகள் வரும். அவை வந்தால் கஷ்டகாலம் என்று மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அக்கா மட்டும் அவற்றை எதிர்பார்த்துக் காத்திருப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தையல் கற்றார். அத்தானை மணந்து ஆவடிக்கு வந்தார். 1983இல் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் தையல் பிரிவில் அவருக்கும் வேலை கிடைத்தது. திருமுல்லைவாயிலில் வீடு அமைந்தபோது, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் எழுத்தர் வேலைக்கு வந்த என்னையும் தன்னோடு வைத்துக்கொண்டார்.

எங்கள் தெருவுக்கு மேற்கே ஒரு சிற்றேரி. அதன் கரை வழியாகத்தான் அக்கா ரயிலடிக்கு நடப்பார். வழியில் பார்த்ததை மாலையில் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக் கம்பியில் குத்தி வைப்பார். புரட்டாசி முடிவில் வாலாட்டி வந்துவிடும். கார்த்திகையில் ஊசிவால் வாத்துகள். பங்குனியில் அவை போன பிறகு, நீர் வற்றிய விளிம்பில் ஆள்காட்டி முட்டையிடும். ஆடியில் ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள். ஆண்டுக்கு ஆண்டு வீடுகள் கூடின, ஏரி சுருங்கியது. தாள்கள் மட்டும் குறையவில்லை.

1991 பொங்கலுக்கு முன் தெருச் சங்கத்தார் ஒரு முடிவு செய்தார்கள். ஏரிக்கோரையை அறுத்துக் குவித்துப் போகியன்று கொளுத்துவது. அதிலும் நியாயம் உண்டு. செயலாளரின் மகள் விளையாடும் இடத்துக்குக் கோரையிலிருந்து பாம்பு வந்திருந்தது. கோரைக்குள் கூடுகட்டும் நீர்ப்பறவையான நீலக்கோழியின் குஞ்சுகள் பெரிதாகும்வரை, மாசி வரைக்குமாவது, பொறுக்கும்படி கேட்க அக்கா விரும்பினார். ஆதாரம் வேண்டுமே என்று, அந்தப் பருவத்துத் தாள்களை நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதிவாரியாகப் படியெடுத்தேன். தேதி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முன்பக்கத் தேதியை அப்படியே எழுதினேன். அக்காவிடம் காட்டவில்லை.

போகிக்கு இரண்டு நாள் முன்பு கூட்டம். செயலாளர் திருமுல்லைவாயிலிலேயே பிறந்து வளர்ந்தவர். நோட்டைப் புரட்டியவர் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“இன்னாம்மா இது, ஆறாந்தேதி டூட்டிக்குப் போசொல்ல பாத்தேன்னு கீது? ஆறாந்தேதி நாயித்துக்கெழம. உங்க ஃபாக்டரில நாயித்துக்கெழம கூட மிசின் ஓட்றாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், “கோழிக்கும் அன்னிக்கு ஓவர்டைம் போல மாமே!” என்றார்.

அக்கா எழுந்தார். “நான் பாத்ததத்தாங்க எழுதுனேன். பாக்காதத எழுதுனதில்ல.”

“குஞ்சுக்கோசரம் நீ பொய் சொன்னா கூட தப்பில்லம்மா. ஆனா எம் பொண்ணு கால்ல பாம்பு ஏறினா நீயா வருவ?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அந்த ஞாயிறு புரியவில்லை. ஒருவேளை இரக்கத்தால் சேர்த்து எழுதியிருப்பாரோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். வாய் திறக்கவில்லை. வீடு திரும்பியதும் அவர் எனக்குச் சாதம் போட்டார்.

மறுநாள் காலை விளக்கேற்றிவிட்டு, அக்கா நாட்காட்டியில் முந்தைய நாள் தாளைக் கிழித்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்தார்.

“அது எதுக்கு அக்கா?”

“சாயங்காலம் எழுத வேணாமா?”

“இன்னிக்குப் பாக்குறத நேத்து தாள்லயா எழுதுற?”

“பின்ன? இன்னிக்குத் தாள இப்பவே கிழிச்சுட்டா ராகுகாலம் எதுலடா பாக்குறது?”

ஞாயிறு என்றிருந்தது திங்கள். அந்த நோட்டில் எல்லாத் தேதிகளும் ஒரு நாள் பின்தங்கியிருந்தன. பிழை அக்காவுடையது அன்று. கேட்காமல் படியெடுத்த என்னுடையது. அந்தத் தாளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு ஓடி, நடந்ததைச் சொன்னேன். அவர் தம் வீட்டு நாட்காட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணாத்தே, எங்க ஊட்லயும் இப்டித்தான் கிழிக்கிறாங்க. நேத்து அந்தம்மாவ நிக்க வெச்சு சிரிச்சோமே, அப்ப நீ இன்னா பண்ணிகினு இருந்த?”

மாசி வரை கோரையைத் தொடுவதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்தார். அதுவரை பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமலிருக்க முள் வெட்டிப் போட்டார். அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, “ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல” என்றார். அவர் என்னைக் கடிந்துகொண்டது அவ்வளவுதான். அன்று முதல் தாளின் பின்புறம் தம் கையாலேயே கிழமையை எழுதலானார். கூட்டத்தில் சிரித்தவர்களுக்கு உண்மையைச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. அதை இன்றுவரை தள்ளிப்போட்டுவிட்டேன்.

1997இல் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. கடைசி நான்கு மாதம் அக்காவால் ஏரிக்கரைக்குப் போக இயலவில்லை. அத்தான் பார்த்துவந்து சொல்வார், அக்கா எழுதுவார். பெயர் தெரியாத பறவைகளையெல்லாம் அத்தான் கொக்கு என்றே சொன்னார். அவை கொக்கென்றே பதிவாகியுள்ளன. 1998 ஐப்பசியில், வாலாட்டி வந்திருந்த ஒரு காலையில், அக்கா நம்மை விட்டுப் பிரிந்தார்.

அந்த மாதங்களில் நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மையாருக்கும், மருத்துவமனைக்கு முறைவைத்துத் துணைவந்த தையல் பிரிவுத் தோழியருக்கும், இறுதி நாளில் முதல் ஆளாக வந்து பந்தல் போட்ட சங்கச் செயலாளருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

பதிவில் ஒன்று மீதமிருக்கிறது. 1991 மாசியில் கோரை அறுத்த மறுவாரத் தாளில், “வடகரையில் நீலக்கோழி ரெண்டு. கூட இளசு மூணு” என்று அக்கா எழுதியிருக்கிறார். அவை கோரையிலிருந்த அதே குஞ்சுகள்தாமா என்று அன்றே கேட்டேன். “நீயே வந்து பாருடா, காலைல என்கூட” என்றார். நாளை போகலாம் என்றேன். போகவில்லை. ஆகவே அந்த மூன்று குஞ்சுகளும் பிழைத்தன என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.