ரேமுக்கு வைத்த பொட்டு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். அதனால் தெருவில் டிவி தெரியாவிட்டாலும், போனில் பணம் போகாவிட்டாலும், மோட்டார் ஸ்டார்ட்டர் விழாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்தது பி.ஏ. வரலாறு. கொடும்பாளூர் கோயிலைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவேன். ஸ்டார்ட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதில் ஒரு பச்சைப் பொத்தானும் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு என்பதுதான். ஆனாலும் போவேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லோ வோல்டேஜ்" என்பேன். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்துவிடும்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. புதுக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது சல்லிசாகக் கிடைத்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால், நான் தலை துவட்டி வரும்போது திரையில் படம் வந்திருக்கும். எனக்கு அது போதும். ஆனால் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் போதவில்லை.

பாட வீடியோக்களில் பேசுவதைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து தருகிற வேலை அது. வீட்டிலிருந்தே செய்யலாம். தேர்வில் தேறிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை, கம்ப்யூட்டரில் எட்டு ஜிபி ரேம் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்ப்பார்கள். இருந்தால் வேலை எனக்கு. இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு. என்னிடம் இருந்தது நாலு ஜிபி.

அடுத்த ஆளுக்குப் போய்விட்டால் நான் எங்கே போவது என்பதும் முடிவாகியிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அம்மாவின் தம்பி எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை சாயங்காலப் பேருந்து. அம்மா பையில் போர்வையைக்கூட மடித்து வைத்துவிட்டாள்.

அப்பா கிடாயை விற்றார். ஒரே ஒரு கிடாதான் இருந்தது என்பதால் பட்ஜெட் பற்றி விவாதம் எதுவும் நடக்கவில்லை. அந்தப் பணத்தில் இலுப்பூர்க் கடையில் ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய இன்னொரு நாலு ஜிபி ரேம் வாங்கினேன். பார்ப்பதற்குச் சீப்பு மாதிரி ஒரு பச்சைத் தகடு. கீழ் ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அந்தப் பற்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பள்ளத்தில் சரியாகப் பதிய வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கடையை நடத்துகிற அக்கா, "பழசுக்குப் பக்கத்துலயே மாட்டணும் தம்பி. தெரியும்ல? இல்ல, பெட்டியக் கொண்டாங்க, நானே மாட்டித் தாரேன்" என்றார்.

"எல்லாம் தெரியும்க்கா" என்றேன். லோ வோல்டேஜ் சொல்லும் அதே குரலில்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், மண்வெட்டியோ குக்கரோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் புழங்க மாட்டார்கள். ஓர் ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குப் பொட்டு வைக்க வந்த அம்மாவை நிறுத்தி, எலக்ட்ரானிக் பொருளுக்கும் சாமிக்கும் சம்பந்தம் கிடையாது என்று நான் பத்து நிமிடம் வகுப்பெடுத்திருக்கிறேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா" என்று மவுசின் முதுகில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை. அம்மா நூறு நாள் வேலைக்கும் அப்பா கடலைக் கொல்லைக்கும் போயிருந்தார்கள். ராகு காலம் முடியட்டும் என்று பத்தரை மணிவரை உட்கார்ந்திருந்தேன். ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முடிந்த பிறகு ஆரம்பித்தால் நஷ்டம் ஒன்றுமில்லையே என்றுதான். பெட்டியைத் திறந்தேன். ரேமைக் கையில் எடுத்தேன். மடித்து வைத்த போர்வை கண்ணில் பட்டது. அடுத்து நான் செய்தது, சாமி படத்துக்கு முன்னால் போய்ச் சந்தனத்தைக் குழைத்தது.

எங்கே வைப்பது என்பதை மட்டும் அறிவியல்பூர்வமாக யோசித்தேன். ஸ்டிக்கர் மேல் வைத்தால் வாரண்டி போய்விடும். கறுப்புச் சில்லுகளின் மேல் வைத்தால் சூடு வெளியேறாது. மிச்சம் இருந்தது அந்தத் தங்கப் பற்கள். அழகாக, இரண்டு பக்கமும் மும்மூன்று பொட்டு. புதிதுக்கு மட்டும் வைத்தால் இத்தனை வருடம் உழைத்த பழையதுக்கு மனசு கஷ்டப்படும் என்று அதையும் கழற்றி அதற்கும் வைத்தேன். ஈரம் காய்ந்ததும் இரண்டையும் அழுத்தி மாட்டினேன்.

சுவிட்சைப் போட்டேன். திரை இருட்டாகவே இருந்தது. உள்ளேயிருந்து நீளமாகப் "பீ... பீ..." என்று சத்தம் வந்தது. புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் மாட்டினேன். அதே சத்தம். இந்தியில் ஒருவர் விளக்கும் வீடியோவைப் போனில் பார்த்தேன். எனக்கு இந்தி தெரியாது. அவர் கை போன பக்கமெல்லாம் என் கையும் போனது. சாயங்காலம் அப்பாவிடம், மதர்போர்டு செத்துவிட்டது என்று அறிவித்தேன். சந்தனம் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம், சத்தியமாகச் சொல்கிறேன், கிட்டத்தில்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி, நான் மடியில் வைத்துக்கொள்ள, அப்பா மொபெட் ஓட்டினார். வழியில் டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"என்னண்ணே, அப்பனும் மவனும் எங்கிட்டு? மடியில என்ன, டிவியா?"

"இவன் கம்ப்யூட்டருடா. ஆசுபத்திரிக்குப் போவுது."

"அவந்தான் பெரிய டாக்டராச்சே?"

"டாக்டரு பாத்துத்தான் இந்த நெலமை" என்றார் அப்பா, வண்டியை நிறுத்தாமலே.

கடையில் அந்த அக்காவிடம் நான்தான் முதலில் பேசினேன். "மதர்போர்டுல கெப்பாசிட்டர் போயிருக்கும்னு நெனைக்கிறேன்க்கா." அவர் ரேமைக் கழற்றினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்ன தம்பி, கமகமன்னு இருக்கு. சந்தனமா?"

நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒங்க ஆத்தா வேலையாடா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். வாயால் சொல்லாதவரை அது பொய்யில் சேராது என்று அந்த நிமிடம் தோன்றியது.

"அம்மாட்ட பக்குவமாச் சொல்லுங்க. அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்" என்றபடி அக்கா ஒரு பென்சில் ரப்பரால் பற்களைத் தேய்த்தார். ரேம் சுத்தமாகிவிட்டது. பள்ளம்தான் பாடாய்ப் படுத்தியது. இரண்டு பள்ளத்தில் ஒன்று உடனே வேலை செய்தது. இன்னொன்றில் சந்தனம் அடிவரை இறங்கி இறுகியிருந்தது. திரையில் நாலு ஜிபி மட்டும் காட்டியது. "இது வரலன்னா போர்டையே மாத்தணும் தம்பி" என்றார். மாற்றுவதற்கு இன்னொரு கிடா இல்லை. பழைய பல்துலக்கும் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து அவர் தேய்க்க, நான் மனதுக்குள் திருப்பூரில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். நாலாவது தடவை மாட்டியபோது எட்டு என்று காட்டியது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆரம்பித்தார். "ஒஞ் சந்தனத்தால புள்ள பொழப்பே போயிருக்கும். அதுல போயி யாராச்சும் பொட்டு வைப்பாகளா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பெட்டிக்கு ஒயர் மாட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

"வச்சுட்டேன். இப்ப என்னங்கிறீங்க?" என்றாள்.

அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை பேசினார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கம்பெனிக்காரர் உள்ளே வந்தார். திரையில் அம்புக்குறி தானாக நகர்வதை அப்பாவும் அம்மாவும் பின்னால் நின்று பார்த்தார்கள். "எயிட் ஜிபி இருக்கு. ஓகே. நீங்களே அப்கிரேட் பண்ணீங்களா?" என்றார் போனில்.

"ஆமா சார், நானேதான்."

மத்தியானமே வேலை உறுதி என்று மெயில் வந்தது. அப்பா உடனே திருப்பூருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நான் வரவில்லை என்பதை ஒரு வரியிலும் அம்மாவின் சந்தனத்தைப் பத்து நிமிடமும் சொன்னார். "ஒங்கக்கா இருக்காளே, அவளுக்கு எதுல வைக்கிறதுன்னு ஒரு இது வேணாம்?" மாமா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். இனி அவர் கம்பெனி முழுக்கச் சொல்வார். பொங்கலுக்கு ஊருக்கு வந்து இங்கேயும் சொல்வார். அம்மா கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றேன் போனுக்குப் பக்கத்தில் குனிந்து. "அது அம்மா வைக்கல. நாந்தான் வச்சேன்."

சிரிப்பு நின்றது. "நீயா?"

"ஆமா."

"பி.ஏ. படிச்சுட்டு?"

"ஆமா மாமா."

"அப்ப நீ இங்கிட்டே வந்துரு மாப்ள. நாங்க மெசினுக்கு எங்கன வைக்கணும்னு தெரிஞ்சு வைக்கிறோம்."

அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "அப்பறம் எதுக்கு நீ வச்சேன்னு சொன்ன?"

"நேத்து இவன் போறானா இருக்கானான்னே தெரியல. ஊருக்குப் போற புள்ளையத் திட்டி அனுப்ப வேணாம்னு பாத்தேன்." அம்மா கடலைத் தோலை ஊதித் தள்ளினாள். "இப்பத்தான் போகலையே. திட்டுங்க."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தார்.