மோசேயின் கோலும் மேஸ்திரியின் நாயும்

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது எட்டு, வளர்த்தது பதினொன்று. மூன்று, என் தங்கை விட்டுப்போனவை. பதினோரு பேருக்குத் தொட்டில் கட்டியவளுக்கு ஒரு கோல் செய்ய வராதா? இந்தக் கேள்வியை நானே கேட்டு, நானே பதிலும் சொல்லி, ஒரு வம்பில் மாட்டிக்கொண்டேன். வம்பு போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. இன்னும் தெருவில் இறங்கினால் ஜனங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது... எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோர்ப்பவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஆம்பூர் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு டிராமா போடுவோம். இந்த வருஷம் மோசே கதை. தெரியாத வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எகிப்து ராஜா பார்வோன், இஸ்ரவேல் ஜனங்களை அடிமையாக வைத்துச் செங்கல் அறுக்க விட்டிருந்தான். "என் ஜனங்களைப் போகவிடு" என்று அவனிடம் போய்ச் சொல்லும்படி கடவுள் மோசேயை அனுப்பினார். மோசேக்குத் திக்குவாய். அதனால் அவருக்காகப் பேச அண்ணன் ஆரோன் கூடப் போனார். ராஜா முன் கோலைத் தரையில் போட்டதும் அது பாம்பாகிவிட்டது. பார்வோன் அதற்கும் மசியவில்லை. தவளை, வெட்டுக்கிளி, கடைசியில் எகிப்தியரின் தலைச்சன் பிள்ளைகள் சாவு என்று பத்து வாதைகள் வந்து படுத்திய பிறகுதான் ஜனங்களை விட்டான். போகிற வழியில் செங்கடல் இரண்டாகப் பிரிந்து அவர்களுக்கு வழிவிட்டது.

வேஷம் பிரிக்கிற அன்று, எங்கள் உபதேசியார் வேதத்தை எடுத்து, மோசே திக்குவாயும் மந்தநாவும் உள்ளவர் என்று வாசித்தார். இவர் வாலாஜாபேட்டைக்காரர், இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வாசித்து முடிக்கவில்லை — எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. என் மகன் மாசிலாமணி இருந்த பக்கம்.

"அப்ப நம்ம மாசிதான் மோசே. வேற ஆளு எதுக்கு?" என்றார் ஏசுவடியான் மேஸ்திரி. தோல் பதப்படுத்துகிற ஷாப்பில் மாசிக்கு அவர்தான் மேலாள். டிராமாவில் பார்வோனும் அவரே. வேறு யார் ஆவது?

சபையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மாசி எழுந்து நின்று, "ச... சரி" என்றான்.

மாசிக்கு முப்பத்திரண்டு வயது. அவன் வாயில் ஒரு சொல் தொடங்கினால் போதும், முடித்துவைக்க ஊரே காத்திருக்கும். மேஸ்திரி முடிப்பார், அவன் பெண்டாட்டி முடிப்பாள். எல்லாரையும்விட வேகம் நான்தான். அவன் "சோ..." என்றால் சோற்றுச் சட்டியை இறக்கி வைத்துவிடுவேன். ஒரு நாள் அவன் கேட்டது சோப்பு. பாவம், சாப்பிட்டுவிட்டுத்தான் குளிக்கப் போனான்.

அப்பேர்ப்பட்ட பிள்ளை முந்நூறு பேர் முன்னால் நின்று திக்குவதா? அதை நான் உட்கார்ந்து பார்ப்பதா?

யோசித்தேன். பேச்சையெல்லாம் ஆரோன் பேசட்டும். ஆரோன் வேஷம் உபதேசியாருக்கு, அவருக்கு நாக்கு வெண்ணெய். மோசேக்கு ஒரு வரிகூட வேண்டாம். அவன் கையில் ஒரு கோல் இருக்கும். ஜனங்கள் கண் முன்னால், பட்டப்பகலில், நிஜமாகவே பாம்பாகிற கோல். அதைப் பார்த்தபின் மோசே பேசினானா இல்லையா என்று யார் கேட்கப்போகிறார்கள்?

"எதுக்கும்மா சிரமம்? கோலைக் கீழ போட்டதும், திரைக்குப் பின்னால இருந்து ஒரு துணிப் பாம்பை வீசிடலாம்" என்றார் உபதேசியார்.

"வீசுற கை தெரியும் ஐயா."

"ராஜா முன்னால கோலைப் போட்டது ஆரோன். மோசே இல்ல."

"அதுக்கு முன்னாடி, கடவுள் முட்செடியில தோணினப்ப மோசேதான் போட்டாரு. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் ஐயா. ஆனா படிப்பேன்."



சரி, எதில் செய்வது? மூங்கிலை எடுத்தேன். விறைப்பாக நின்றது, விழுந்தும் விறைப்பாகவே கிடந்தது. பிரம்பை எடுத்தேன். நன்றாக வளைந்தது, விட்டதும் நிமிர்ந்துவிட்டது. ராஜா முன்னால் விழுந்து வணங்கிவிட்டு மறுபடி எழுந்து நிற்கிற பாம்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய? குடியாத்தத்து நெசவுக்காரர்களிடம் தடித்த நூல்கயிறு வாங்கி, கஞ்சியில் ஊறப்போட்டு, வெயிலில் காய வைத்தேன். கோல் மாதிரியே ஆனது. தரையில் போட்டேன். செத்த பாம்பு மாதிரி கிடந்தது. அதிலும் செத்து நாலு நாள் ஆன பாம்பு.

"ஆயா, கோல் ஆச்சா இன்னா?" என்று தெருவில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் காது கேட்காதவள் மாதிரி நடந்தேன்.

அப்போதுதான் நினைவு வந்தது, திருவிழாக் கடைகளில் விற்கிற மூங்கில் பாம்பு. வாலைப் பிடித்தால் நெளியுமே, அது. அது ஏன் நெளிகிறது? துண்டு துண்டாக இருப்பதால். அந்தத் துண்டுகளுக்கு நடுவே ஒரு வாரைக் கோத்து, இறுக்கி இழுத்து, மேலே ஒரு ஆணியில் மாட்டிவிட்டால்? துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கோலாக நிற்காதா? கட்டைவிரலால் வாரைக் கழற்றிவிட்டால்... பாம்பு.

பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், இது யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

மூங்கிலைக் கணு நீக்கி, விரல் நீளத்துக் குழாய்களாக அறுத்தேன். மேலே போர்த்த மெல்லிய ஆட்டுத்தோல் உறை. கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தால் மை மாதிரி கறுப்பு இறங்கும், அதைத் தொட்டுச் செதில் செதிலாக வரைந்தேன். மிச்சம் வார் மட்டும்தான். தோல் மண்டி வைத்திருக்கும் காதர் பாயிடம் போனேன்.

"பதம் பண்ணின வார் வேணுமா, பச்சை வார் வேணுமா ஆயா? பதம் பண்ணினது இழுக்க இழுக்க நீளும், கோல் தொங்கிடும். பச்சைத் தோல் காய்ஞ்சா கெட்டியா நிக்கும். ஆனா வாசனை ஜாஸ்தி."

"வாசனையா?" மோந்து பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் வரலியே பாய்."

"எனக்கும் வரல ஆயா. வெளியூர்க்காரங்க சொல்றாங்க."

பச்சை வாரையே வாங்கினேன். அது குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு ஓட ஆட்டுக் கொழுப்பை உருக்கி, தாராளமாகத் தடவினேன். கையில் எடுத்து நிறுத்தினால் கோல். ஆணியிலிருந்து கழற்றினால் சரசரவென்று சரிந்து விழுந்து சுருண்டது. மருமகள் அடுப்பு மேடை மேல் ஏறிவிட்டாள். இருக்கட்டும் என்று வாலில் ஒரு கறுப்பு நூலும் கட்டினேன். திரைக்குப் பின்னால் இருந்து என் பேத்தி எஸ்தர் அதைச் சுண்டினால் பாம்பு நெளியும்.

மாசி அதை ஒரு தடவை தோளில் சாத்திப் பார்த்தான். "அம்மா, கோல் ந... நா..." என்றான்.

"நல்லா வந்திருக்குன்னு எனக்கே தெரியும்டா" என்றேன்.

இன்னொரு நாள் ஷாப்பிலிருந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்தான். "அம்மா, டிராமால எனக்கு ஒ... ஒரு..."

"ஒரு வரிகூட இல்ல. நீ பயப்படாத, நான் பேசிட்டேன்."

அவன் எழுந்து போய்விட்டான்.

ரிஹர்சலை எல்லாம் பள்ளிக்கூடத்து அறைக்குள் கதவைச் சாத்தி நடத்தினோம். ரகசியம் வெளியே போகக் கூடாதே. உபதேசியார் மட்டும் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே ஆரோன் வசனத்தைப் பேசினார். "கோல் கொஞ்சம் நாறுதும்மா... அத்தர் ஏதாச்சும் தெளிக்கலாமா?" என்று ஒரு நாள் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வந்த நாளாக எங்கள் தெருவிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர், இப்போது என் கோலையுமா?

"எங்க ஊர்ல இது நாத்தம் இல்ல ஐயா, சோறு" என்றேன். சபாஷ் என்றார் மேஸ்திரி. உபதேசியார் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கோலை எங்கள் வீட்டு உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க நாலு தெரு நாய்கள் என் வீட்டு வாசலை விட்டு நகரவில்லை. நன்றியுள்ள ஜீவன்கள், எப்போதோ போட்ட சோற்றுக்குக் காவல் இருக்கின்றன என்று மருமகளிடம் பெருமையடித்தேன்.

சிரிக்காதீர்கள். இன்னும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. பள்ளிக்கூடத்து மைதானத்தில் மேடை. முந்நூறு பேருக்குக் குறையாது, காதர் பாய்கூட வந்து ஓரமாக நின்றிருந்தார். தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் செய்த கிரீடத்தோடு மேஸ்திரி சிங்காசனத்தில் உட்கார்ந்தார். அவர் நாய் டைகர், எங்கே போனாலும் அவர் பின்னாலேயே வருவது, சிங்காசனத்துக்குக் கீழே படுத்துக்கொண்டது. பார்வோனுக்கு ஒரு நாய் இருந்தால் என்ன என்று யாரும் அதைத் துரத்தவில்லை.

ஆரோன் மணிமணியாகப் பேசினார். பார்வோன் தலையை ஆட்டி மறுத்தான். மாசி முன்னால் வந்து கோலைத் தூக்கிப் பிடித்தான். கட்டைவிரலை அசைத்தான்.

கோல் சரிந்தது. சுருண்டது. எஸ்தர் நூலைச் சுண்டினாள். முன்வரிசைக் கிழவிகள் எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். "ஐயையோ, பாம்பு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தச் சத்தத்தை நான் காது நிறைய வாங்கிக்கொண்டேன். அது மட்டும் போதும் எனக்கு.

டைகருக்குப் போதவில்லை.

ஒரே பாய்ச்சல். பாம்பைக் கவ்வியது, மேடையிலிருந்து குதித்தது, ஸ்டேஷன் பக்கம் ஓடியது. என் வீட்டு வாசலில் காவல் இருந்த நாலும் எங்கிருந்தோ வந்து அதன் பின்னால் ஓடின. எஸ்தர் கையில் நூல்கண்டு பம்பரமாகச் சுற்றியது. "விடு சனியனே, விடு" என்று ஆரோன் அங்கியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு நாயைத் துரத்தினார். தாடி மேடையிலேயே விழுந்துவிட்டது. ஆள் மட்டும் போய்விட்டார்.

ஜனங்கள் சிரித்த சிரிப்பை எழுத எனக்கு எழுத்துத் தெரியாது. பார்வோன் சிங்காசனத்தில் குலுங்கினார், கிரீடம் மூக்குவரை இறங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசுகிற ஆரோன் இல்லை. அவனுக்காகப் பேச நான் செய்த கோலும் இல்லை. நடு மேடையில், வெறுங்கையோடு, என் பிள்ளை மட்டும்.

மாசி வாயைத் திறந்தான். "ரா..."

சிரிப்பு நின்றது.

"ரா... ரா..."

திரையோரத்தில் நின்றிருந்த எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ராஜாவே, ராஜாவே என்று கத்திவிடலாம் போலிருந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். மேஸ்திரிக்கும் பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. மாசி அவரைப் பார்த்தான். என்ன பார்வையோ, மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார்.

"ராஜாவே" என்றான் மாசி. "என் பா... பாம்பை உன் நாய் தூக்கினு போய்டுச்சு."

மறுபடி சிரிப்பு. அவன் அவசரப்படவில்லை. அது அடங்கும் வரை நின்றான்.

"பரவால்ல. என் ஜனங்களைப் போ... போ..."

யாரும் முடிக்கவில்லை. முந்நூறு பேர் வாய்க்குள்ளும் அந்தச் சொல் இருந்தது, ஒருவரும் துப்பவில்லை. ஈர விறகு பற்றுகிற நேரம் ஆனது.

"போகவிடு."

மேஸ்திரி எழுந்தார். கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "போங்கப்பா" என்றார். "எல்லாரும் போங்க."

வாதை ஒன்றுகூட இன்னும் வரவில்லை. திரைக்குப் பின்னால் களிமண் தவளைகளும் பனையோலை வெட்டுக்கிளிகளும் தட்டுகளில் காத்திருந்தன. தலைவிரித்து அழுவதற்கென்றே எண்ணெய் தடவாமல் வந்திருந்த எகிப்தியத் தாய்மார்கள், "அப்ப நாங்க எப்ப அழறது?" என்று கேட்டார்கள். குடியாத்தத்து நீல லுங்கிகளைச் சேர்த்துத் தைத்த செங்கடலை அவசரமாகப் பிரித்துப் பிடித்தோம். அதற்குள் இஸ்ரவேலர் பாதிப்பேர் கடலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேதத்தில் இல்லாதபடி, ஒரு சேதாரமும் இல்லாமல் எகிப்து அன்று பிழைத்தது.

உபதேசியார் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது கையில் ஒரு சாண் வால் இருந்தது. அதை மூக்குக்குத் தூரமாகப் பிடித்திருந்தார். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாசிக்குச் சோறு போட்டேன். அவன் தட்டைப் பார்த்தபடி, "எனக்கு ஒ... ஒரு வரி வேணும்னு கேட்டேம்மா" என்றான். "நீ சொ... சொல்ல விட்டாத்தானே."

"இன்னும் எதாச்சும் சொல்ல வந்து நான் விடாம இருந்தேனா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பிள்ளையைப் பெற்று முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"கோ... கோல்" என்றான். நான் காத்திருந்தேன். "கோல் நா... நாறுச்சும்மா."

தோல் ஷாப்பிலேயே ஊறினவன் மூக்குக்கே நாறியிருக்கிறது. எனக்குத்தான் வரவில்லை. நாம் செய்தது எதுவும் நமக்கு நாறுவதில்லை, இல்லையா? பிள்ளைகள் பேச்சை முடித்துவைக்கிற பழக்கமும் அந்த ரகம்தான். பாசம் என்று நினைத்துக் கொழுப்பைத் தாராளமாகத் தடவுகிறோம்.

ஒரு சாண் வாலைக் கழுவி, காய வைத்து, உத்திரத்தில் மாட்டியிருக்கிறேன். டைகர் தினமும் வாசலில் வந்து படுக்கிறது. காவல் என்று இப்போது நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

அவ்வளவுதான். எஸ்தர், இங்கே வா, எழுதினதை எடுத்து வாசி. என் பென்சில் தடுமாறி நின்ற இடத்தில் நீயும் நின்று வாசி கண்ணு. முந்திக்கொண்டு முடிக்காதே.