வலியைச் சொல்லாத குதிகால்கள்

வலிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கேயே தட்டி, அதற்கு நன்றியும் வாங்கிக்கொள்கிற விசித்திரமான தொழில் என்னுடையது.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி ஏறினதுபோல் துடித்திருக்கிறீர்களா? ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கப் போய் முழங்கை ‘விண்’ணென்று இழுத்திருக்கிறதா? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. கிட்டே வந்து உட்காருங்கள்.

அரசாங்க ஆபீஸ்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு புதுத் தலைநகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. ரங்கூனில் பசுந்தாங் பக்கம், இரண்டாம் மாடியில் ஒரு எலும்பு டாக்டரின் கிளினிக். நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். மெழுகு ஒத்தடமும் சூட்டு விளக்குமாக ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு டாக்டர் சிங்கப்பூரிலிருந்து அதிர்வலை மெஷின் ஒன்றை வரவழைத்தார். நாள்பட்ட தசைநார் வலிக்கு வெளியிலிருந்தே ‘டக் டக் டக்’கென்று அலை கொடுத்து, ஆற மறந்துபோன இடத்தை மறுபடி ஆறத் தூண்டுகிற மெஷின். அதைப் பிடிக்கப் பழகிய கை கிளினிக்கில் என்னுடையது ஒன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் ஒரே வார்த்தையில் என்னைத் தரைக்கு இறக்கினார்.

“கோ மணி, மழை முடிஞ்சு விளக்குப் பண்டிகை வர்ற வரைக்கும் பார்ப்போம். ஜனங்க நல்லா நடந்தா மெஷின் இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா மண்டலேயில என் சிநேகிதர் கேட்டுக்கிட்டே இருக்கார், அனுப்பிடுவேன்.”

மோஹிங்கா கடைக்காரம்மா

முதலில் வந்தவர் டோ மியா செய்ன். பசுந்தாங் மார்க்கெட்டில் மோஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கிறவர், விடிந்ததிலிருந்து நின்றபடியே வியாபாரம். குதிகால் வலி வருஷக்கணக்கில். ஜெல் தடவி மெஷினை வைத்தேன். இந்தச் சிகிச்சையில் பாதி வேலை நோயாளியின் வாயில் இருக்கிறது. “இன்னும் கொஞ்சம் கீழே, ஆங், அங்கேதான்” என்று அவர்கள் சொன்னால்தான் சரியான இடம் கிடைக்கும். அரை விரல் தள்ளித் தட்டினால் தட்டினது வீண்.

“வலிக்குதா?” என்றேன். “நல்லாயிருக்கு சயா.” டாக்டரோ வாத்தியாரோ, அங்கே மரியாதைக்கு ‘சயா’, பெண்ணானால் ‘சயாமா’, பெரியவரானால் ‘சயாஜி’. பலத்தைக் கொஞ்சம் கூட்டினேன். “நல்லாயிருக்கு சயா.” இன்னும் கூட்டினேன். “ரொம்ப நல்லாயிருக்கு சயா” என்றபோது கண்ணோரம் நீர் வழிந்தது. பர்மாக்காரர்களிடம் ‘ஆனாடே’ என்று ஒரு குணம் உண்டு. தன்னால் அடுத்தவருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்கிற கூச்சம். பழகுவதற்கு அதைவிட இனிமையான குணம் கிடையாது, என் தொழிலுக்கு அதைவிடப் பெரிய எதிரியும் கிடையாது. அவர் நொண்டியபடி படியிறங்கிப் போனதும், சீட்டுக் கொடுக்கிற, என்னை அண்ணன் முறையில் ‘ஆக்கோ’ என்று கூப்பிடுகிற மா திடா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஆக்கோ, வலிக்குதுன்னு சொன்னா உங்க மனசு வலிக்குமேன்னு பொறுத்துக்கிட்டாங்க, இது கூடவா தெரியலே?”

கட்டை விரல் சாட்சி

அடுத்த வாரத்திலிருந்து கேட்பதை நிறுத்தினேன். முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்தினேன். முகம் புன்னகைக்கப் பழகியது, கால் கட்டை விரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மெஷினை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் ஒரு இடத்தில் கட்டை விரல் ‘சுருக்’கென்று மடங்கும். அதுதான் இடம். அங்கே பலத்தைக் குறைத்து, நிதானமாகத் தட்ட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தது. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை.

இன்னொரு சாட்சியும் வைத்துக்கொண்டேன். கிளினிக் ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே பஸ் ஸ்டாப் தெரியும். மரியாதைக்காக நேராக நடக்கிறவர்கள் படி தாண்டியதும் தங்கள் சொந்த நடைக்குத் திரும்பிவிடுவார்கள். யாருக்கு உண்மையிலேயே குணம் என்று ஜன்னலுக்குத் தெரியும்.

டோ மியா செய்னுக்குச் சரியான இடத்தைத் தொட்டபோது விரல் மடங்கியதோடு நிற்கவில்லை. கால் தானாக எகிறி என் தோளில் ஒரு உதை விட்டது. பெரியவர், சின்னவர் யார் பக்கமும் காலை நீட்டாத ஊர் இது. அந்தம்மா பதறி எழுந்து கைகூப்பினார்.

“மன்னிச்சிடுங்க சயா, என் காலு மரியாதை இல்லாம நடந்துக்கிச்சு!”

நம்மாள் ஒருத்தர்

நம் தமிழர்கள் இதற்கு நேர் எதிர். போட்டாதாங் துறையில் மூட்டை தூக்குகிற ஆறுமுகம் அண்ணன் தோள்வலியோடு வந்தார். ஜெல் தடவி மெஷினை வைத்ததுதான் தாமதம், “அய்யோ அம்மா!” என்று போட்டார் ஒரு கூச்சல். வெளியே காத்திருந்த இருவர் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டார்கள். நான் சுவிட்சைக் காட்டினேன். கரண்டு போயிருந்தது, ஜெனரேட்டரை இன்னும் போடவே இல்லை. அண்ணன் அசரவில்லை.

“கரண்டு இல்லாமலே இந்தப் போடு போடுதே தம்பி, அப்ப நல்ல மெஷின்தான்!”

டாக்டரின் அக்கா

மழை குறைந்துகொண்டு வந்தது. டாக்டர் தன் அக்காவையே அழைத்து வந்தார். டோ கின் சூ, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியின் ஊரில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வலது குதிகால் வலியால் பகோடா படி ஏறி வருஷங்களாகிவிட்டன. அங்கே செருப்பில்லாமல்தான் ஏற வேண்டும். வருகிற விளக்குப் பண்டிகைக்காவது ஏறிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மெஷினின் தலையெழுத்தும் அந்தக் குதிகாலில்தான் இருந்தது.

சில வாரம் போயிற்று. டாக்டர் கேட்டார், “அக்கா, எப்படி இருக்கு?” அவர் சிரித்தார். “பூரண குணம்.” டாக்டர் என் முதுகில் தட்டினார். நான் பேசாமல் இருந்திருந்தால் மெஷின் அன்றைக்கே எனக்கு நிலைத்திருக்கும். ஆனால் முந்தின வாரம் அவர் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் பஸ் ஏறியதை நான் ஜன்னலில் பார்த்திருந்தேன்.

“சயாஜி, இன்னும் குணமாகலே” என்றேன். டாக்டரின் முகம் சுருங்கியது. “நோயாளி குணம்ங்கறாங்க, வைத்தியம் பண்ற நீ இல்லேங்கறே. அப்ப மெஷின் எதுக்கு?” “சயாமாவுக்கு நம்ம ரெண்டு பேர்கிட்டயும் கூச்சம். இன்னும் கொஞ்ச நாள் கொடுங்க” என்றேன். அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

அதன்பிறகு அவருடைய கட்டை விரலை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. வலி இத்தனை நாள் நான் தட்டிய இடத்துக்குச் சற்று உட்பக்கம் ஒளிந்திருந்தது. வாரங்கள் போகப் போக விரல் மடங்குவது குறைந்தது.

பண்டிகை முடிந்த மறுநாள் ஜன்னலில் நின்றேன். தன்லியின் பஸ் வந்தது. கண்டக்டர் நீட்டிய கையைத் தொடாமல் டோ கின் சூ இறங்கினார், இறங்கி முழுப் பாதத்தையும் ஊன்றி நடந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாடி ஏறி வந்து, தம்பி பக்கத்தில் நிற்கும்போதே, பகோடாவில் வாங்கிய மல்லிகைச் சரத்தை மெஷின்மேல் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“அன்னிக்குப் பூரண குணம்னு சொன்னது பொய், சயா, நேத்து எல்லாப் படியும் ஏறினேன், இப்ப வலது காலு நிஜமாவே நல்லாயிருக்கு, ஆனா இடது காலு வலிக்குது, ரொம்ப வலிக்குது, அதையும் பாருங்க!”

மெஷின் மண்டலேக்குப் போகவில்லை. ரங்கூனில் ஜனங்கள் வாய்விட்டு ‘வலிக்குது’ என்று சொல்வது என்னிடம் மட்டும்தான் என்கிற பெருமையோடு நானும் அதன் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.