நின்றுபோன ஸ்டாப்வாட்ச்

எங்கள் தொழிற்சாலைக் கேண்டீனில் பத்தரை மணிக்குத் தேநீர் இடைவேளை. புதிதாகச் சேர்ந்த ஈஃபா என்ற பெண் எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இதற்கு முன் எங்கே வேலை பார்த்தாய் என்று யாரோ கேட்டார்கள். ஒரு சூப்பர் மார்க்கெட்டைச் சொல்லிவிட்டு, "அங்கே என்னை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். வேலைக்கு வராத தோழியின் வருகைக் கார்டையும் நானே பஞ்ச் பண்ணிக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டேன்" என்றாள். சொன்ன கையோடு ஜாம் பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னாள். யாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒருத்தர் பாட்டிலைத் தள்ளினார். பேச்சு மழைக்குப் போய்விட்டது.

எனக்குத்தான் தேநீர் இறங்கவில்லை. இடைவேளை முடிந்து கை கழுவும் இடத்தில் அவள் தோளைத் தொட்டு, "மனசை விட்டுவிடாதே" என்றேன். ஈஃபா என்னை விநோதமாகப் பார்த்து, "ஏன், உன் வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லப் போக, அவள் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இன்டர்வியூவிலும் இதைச் சொன்னாயா என்று கேட்டேன். "சொல்லாமல்? எப்படியும் பழைய இடத்தில் ரெஃபரன்ஸ் கேட்பார்களே. அதனால் நானே முதலில் சொல்லிவிட்டேன்" என்றாள். அன்று முழுக்க அவள்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. அவள் முடியைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ வந்ததல்ல. அதைச் சொல்லும்போதும் நிற்காமல் வெண்ணெய் தடவிய அந்தக் கையைப் பார்த்து வந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் கால்வே நகரத்துக்கு வெளியே, நோயாளிகளுக்குச் செருகும் மெல்லிய குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் வைத்துக் குறை பார்க்கிற வேலை எனக்கு. கணவர் செந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் மம்சாபுரத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிப் பஞ்சும் பேண்டேஜ் துணியும் செய்கிற மில்லில் லேப் பொறுப்பாளராக இருந்தேன். 'கல்யாணத்துக்காக வேலையை விட்டேன்' என்று என் அப்பா, அம்மா, கணவர், இந்த அயர்லாந்து ஆகிய நால்வருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். என்னையும் துரத்தித்தான் விட்டார்கள்.

அந்த லேபில் ஒரு சின்னச் சோதனை உண்டு. அளந்த பஞ்சைக் கம்பிக் கூடையில் வைத்துத் தண்ணீரில் போட வேண்டும். பத்து விநாடிக்குள் மூழ்கினால் பஞ்சு நல்ல பஞ்சு. மிதந்தால் சரியாக வெளுக்கவில்லை, இரத்தத்தை உறிஞ்சாது என்று அர்த்தம். எங்கள் பஞ்சு எப்போதும் ஆறு விநாடி, மிஞ்சிப்போனால் ஏழு. எப்போதும் ஆறுதான் என்றால் எதற்குத் தினமும் கூடையை நனைக்க வேண்டும்? மில் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு போய்விடுமே என்ற அவசரத்தில் ஒருநாள் போடாமலே 'ஆறு' என்று எழுதினேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது. அப்படி அனுப்பிய ஒரு லாட், வாங்கியவர்களிடம் போய்த் தண்ணீரில் மிதந்தது. மேனேஜர் நேரே லேபுக்கு வந்தார். ரிஜிஸ்டரில் அழகான கையெழுத்தில் ஆறு, ஆறு, ஆறு. மேஜைமேல் இருந்த ஸ்டாப்வாட்சை எடுத்து அமுக்கினார். அது ஓடவில்லை. என்னைக் கேட்கவில்லை. எனக்கு உதவிக்கு இருந்த முத்துலட்சுமியைத்தான் கேட்டார். எங்கள் தெருப் பெண்தான் அவள். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

"எத்தன நாளா ஓடல?"

முத்துலட்சுமி என்னை ஒரு தடவை பார்த்தாள். "நாலு நாளாச்சு சார். பேட்டரி இல்ல."

இன்றைக்குத்தான் நின்றது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நான் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே இருப்பவர்களுக்குப் புரியவைக்க முடியாத ஒன்று அதன் பிறகு நடந்தது. மேனேஜர் சத்தம் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "போலீஸ்காரர் மக. கல்யாணப் பேச்சு வேற நடக்குதுங்கிறாக. டிஸ்மிஸ்னு போட்டா ஒன் வாழ்க்க போயிரும். நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துரு. காரணம் கல்யாணம்னு போட்டுக்கோ" என்றார். எழுதினேன். பதிலுக்கு ஒரு சான்றிதழ் தந்தார். அதில் 'நடத்தை: நன்று'. நம்மூரில் திருடிப் பிடிபட்டவனுக்கும் நடத்தை நன்றுதான். ஒருத்தர் பிழைப்பில் மண் போடக்கூடாது என்கிற நல்ல மனது. அந்த மனதுக்கு அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நகர முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிப் பக்கம் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். போனேன். முதலாளி சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ராஜபாளையத்துல எந்த மில்லு? மேனேஜர் நம்ம பிரண்டுதான். இரும்மா, ஒரு போன் போட்டுருவோம்" என்று செல்போனை எடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவள் பஸ் ஏறிவிட்டேன். நம்மூரில் தாளில் இருப்பது ஒன்று, போனில் வருவது ஒன்று. அதன் பிறகு கல்யாணம் முடியும்வரை வீட்டில்தான் இருந்தேன். காலையில் மில் பஸ் தெருமுனையில் நிற்கும். என் ஜன்னல் சீட்டில் முத்துலட்சுமி உட்கார்ந்திருப்பாள். லேப் பொறுப்பும் அவளுக்கே என்று கேள்விப்பட்டேன். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒருநாள் அம்மாவிடம், "நான் எப்படா போவேன்னு காத்துக்கிட்டே இருந்தா, அவ" என்று சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். சொன்னதையே மறந்துவிட்டேன்.

இப்போது இங்கே டீம் லீடர் பதவி காலியானது. நானும் விண்ணப்பித்தேன், ஈஃபாவும் விண்ணப்பித்தாள். குழாயில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடிப்பவள் என்று எனக்குப் பெயர். கிடைத்துவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முன்பு ஏஜென்சி வழியாகச் சேர்ந்ததால் யாரும் பழங்கதை கேட்கவில்லை. இப்போது எச்.ஆர். அம்மையார் பழைய சான்றிதழைப் புரட்டிவிட்டு, "இது போதாது. அங்கே உங்களை நேரில் அறிந்த யாராவது கையெழுத்திட்டுக் கடிதம் தர வேண்டும். எதற்காக விலகினீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்" என்றார். வேறு வழியில்லாமல் முத்துலட்சுமிக்குப் போன் போட்டேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு.

"கோமதியக்காவா? நல்லாருக்கீகளாக்கா?" பின்னால் லேபின் ஏர்கண்டிஷனர் அதே கரகர சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிகூட என்னுடையதாகத்தான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கென்னக்கா. நீங்களே எழுதி அனுப்புங்க. எம்புட்டு நல்லா வேணுமோ அம்புட்டு நல்லா எழுதிக்கோங்க. சார்ட்ட கையெழுத்து வாங்கி, சீல் வச்சு அனுப்புதேன்."

பெட்டி கட்டிப் புறப்பட்டு வந்த நம்மவர்களுக்கு இந்த வழக்கத்தை விளக்க வேண்டியதில்லை. நம் நன்னடத்தையை நாமே எழுதுவோம், பெரியவர் கையெழுத்துப் போடுவார். நானும் உட்கார்ந்து எழுதினேன். நேர்மையானவர், பொறுப்பானவர், ஒவ்வொரு சோதனையையும் கவனத்துடன் செய்தவர், திருமணத்தின் பொருட்டு விலகினார். அழகான கையெழுத்து. கை தயங்கவே இல்லை. எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோதுதான் 'கவனத்துடன்' என்ற இடத்தில் கண் நின்றது. பஞ்சைத் தண்ணீரில் போடாமல் மறுபடியும் ஆறு என்று எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

நான் ஒன்றும் திடீரென்று உத்தமியாகிவிடவில்லை. உண்மையைச் சொன்னால், ஈஃபாவின் வெண்ணெய் தடவிய கைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளுக்கு முடிந்தது எனக்கு ஏன் முடியாது என்கிற வீம்பு. தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். சோதனை செய்யாமலே நான் விநாடி எழுதியது, ஸ்டாப்வாட்ச் நாலு நாளாக நின்றுபோயிருந்தது, கேட்டபோது உதவியாளர் உண்மையைச் சொன்னது, அதனால் என்னை விலக்கியது. அனுப்பினேன். மறுநாள் முத்துலட்சுமி கூப்பிட்டாள்.

"அக்கா, சார் போட மாட்டேங்காரு. 'இப்படி எழுதுனா மில்லுக்குல்லா அசிங்கம்'ங்கிறாரு. கல்யாணம்னே எழுதி அவரே கையெழுத்துப் போட்டு வச்சிட்டாரு. ஸ்கேன் பண்ணி அனுப்பிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். பொய்யில் ஊதா சீல் பளிச்சென்று இருந்தது. நான் எழுதிய உண்மைத் தாளில் எந்த சீலும் இல்லை. போனை வைக்கப் போனேன். அவள் வைக்கவில்லை.

"அக்கா, நீங்க எழுதுன அந்தத் தாளு… அத நான் வச்சுக்கிடட்டுமா? ஒங்க கையெழுத்து போட்டுக் குடுத்தீகன்னா."

"ஒனக்கு எதுக்கு முத்து?"

"ஒங்க அம்மா எங்க அம்மாகூடப் பேசி ஒம்பது வருஷமாச்சு. நான் ஒங்க வேலையத் தட்டிப் பறிச்சேன்னு தெரு பூரா பேச்சு. அம்மன் கோயில் பொங்கலுக்குக்கூட ஒங்க வீட்டு வாசல் வழியா எங்க அம்மா போக மாட்டா, சுத்திக்கிட்டுத்தான் போவா. மில்லுலயும் அப்படித்தான். யார்ட்டயும் ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. ஒங்க கல்யாணம் கெட்டுரும்னாரு. நான் சொல்லல."

அம்மாவிடம் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் தெரு முழுக்க நடந்திருக்கிறது. எனக்கு நடத்தை நன்று என்று எழுதிய அன்றே அவளுக்குக் கெட்ட பெயர் எழுதிவிட்டார்கள். அவள் வாய் திறந்திருந்தால் அந்தப் பெயர் ஒரே நாளில் அழிந்திருக்கும். நான் அவள் ஜன்னல் சீட்டைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த காலமெல்லாம் அவள் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அதோடு, அப்படி இருக்க அவளுக்கு முடிந்ததே என்று அதற்கும் பொறாமையாக இருந்தது. என் புத்தி அப்படி.

அன்று சாயங்காலம் செந்திலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஷூ லேஸை அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எங்க அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

நான் எழுதிய உண்மையை ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்தேன். எச்.ஆர். அம்மையாருக்கான தாளில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, "இதில் நிறுவனத்தின் கையெழுத்து இல்லையே" என்றார். உண்மைக்கு அங்கே யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "வேறு ஏதாவது கடிதம் இருக்கிறதா, கையெழுத்துடன்?" என்று கேட்டார். இருந்தது, பைக்குள். இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்கு நன்றி என்றார், சிரித்தார், என் தாளைக் கோப்பில் வைத்தார். அடுத்த வாரம் ஈஃபா டீம் லீடர் ஆனாள். அவளுடைய பழைய முதலாளி இரண்டே வரியில் கையெழுத்துடன் உள்ளதை எழுதிக் கொடுத்திருந்தாராம். உள்ளதை எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தர ஒரு முதலாளி அவளுக்கு வாய்த்திருக்கிறார். கேக் வெட்டினாள். எனக்குத்தான் பெரிய துண்டு. தின்றேன்.

இன்னொரு பிரதியில் மா. கோமதி என்று தமிழில் கையெழுத்துப் போட்டு முத்துலட்சுமிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமி வீடியோவில் வந்தாள். அவளுக்குப் பின்னால் தெரிந்த பச்சைச் சுவரை எனக்குத் தெரியும். போலீஸ் உடுப்பில் அப்பாவின் படம் மாட்டியிருக்கும் எங்கள் வீட்டுச் சுவர். ஜன்னலோரத்தில் நான் உட்கார்ந்து படிக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்க அப்பா சத்தமா வாசிச்சாகக்கா. ரெண்டு தடவ வாசிச்சாக. பொறவு ஒங்க அம்மா போயி எங்க அம்மாவக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாக. அடுக்களையில ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காக."

"போனை எங்க அம்மாகிட்டக் குடு" என்றேன்.

முத்துலட்சுமி போனை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். திரையில் நாற்காலி மட்டும் தெரிந்தது. ஓரத்தில் சின்னக் கட்டத்தில் என் முகம், பின்னால் கால்வேயின் நனைந்த ஜன்னல். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. முத்துலட்சுமி கையில் காப்பியோடு திரும்பி வந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் மட்டும் குடித்துவந்த, விளிம்பு நசுங்கிய டம்ளர் அது.

"ஒங்க அம்மா இப்போ பேச மாட்டாகளாம்க்கா" என்றாள். "ஆறிப்போயிரும், குடிச்சிட்டு வாரேன்."

அவள் குடித்து முடிக்கும்வரை நான் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.