அப்படி ஒரு கட்டளை இல்லை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொள்கிற ஆள் நான். கணினியோடு வேலை செய்தால் அப்படித்தான் ஆகும். காரணம் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை, நமக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கும், பொறுமையாகத் தேடினால் அகப்பட்டுவிடும் என்பதுதான் எங்கள் தொழில். ஆகவே இதை வாசித்துவிட்டு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொருவர் எழுதியிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் அன்றன்று என்ன திருத்தினேன், ஏன் திருத்தினேன் என்று எழுதிவைப்பது என் பழக்கம். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. விசைப்பலகையில் சும்மா கிடந்த கேப்ஸ் லொக்கைக் கொன்ட்ரோல் விசையாக மாற்றியது, கரண்ட் போனாலும் எழுதியது போகாதபடி எடிட்டரைத் தானாகச் சேமிக்க வைத்தது, நீளமான கட்டளைக்கு இரண்டெழுத்தில் சுருக்குப் பெயர் வைத்தது, இப்படி. எல்லாம் லினக்ஸ். முகம் தெரியாத யார் யாரோ எழுதி, பிரித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கே சும்மா கொடுத்த கருவிகள். பக்கத்து ஊர் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் வரவே மூன்று இடத்தில் அடையாள அட்டையை நீட்டிய நாட்களில், நீ யார் என்று கேட்காமல் என்னை உள்ளே விட்ட இடம் அந்தக் கறுப்புத் திரை ஒன்றுதான். அந்த மரியாதை எனக்கு இன்னும் குறையவில்லை.

அந்தக் கறுப்புத் திரையில் அப்போது தமிழ் தெரியாது. அதைத் தெரியவைக்கப் புறப்பட்டவன் எங்களோடு வேலை செய்த யோகன். வத்தேகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியும் நட்சத்திரமுமாகக் கட்டம் கட்டி வரைவான். புள்ளி இருட்டு, நட்சத்திரம் வெளிச்சம். அதைத் தாளில் அச்சடித்து, வீட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் வைத்துப் பென்சிலால் திருத்துவான். 'ஞ' ஒன்றுக்கே பல வாரம். முடிந்த எழுத்துக்களை இணையத்தில் யாரும் எடுக்கலாம் என்று போட்டுவிடுவான். அவனுடைய 'கூ' முதன்முதலில் திரையில் வந்தபோது நான் கதிரையை விட்டு எழுந்து நின்று பார்த்தேன். இப்போது நினைத்தாலும் அழகுதான்.

இன்னொரு கருவியையும் சொல்லவேண்டும். 'டோக்' என்று ஒன்று இருந்தது. திரை இரண்டாகப் பிரியும். மேலே நான் எழுதுவேன், கீழே மற்றவர் எழுதுவது எழுத்தெழுத்தாக வரும். பிழை விட்டால் அதுவும் தெரியும், அழித்தால் அதுவும் தெரியும். கொஞ்ச நாள் பழகினால் பெயரைப் பார்க்காமலே எழுதுவது யார் என்று சொல்லிவிடலாம். யோகன் பிழை விட்டால் அந்த எழுத்தை மட்டும் அழிக்கமாட்டான். வரி முழுவதையும் ஒரே விசையில் துடைத்துவிட்டு முதலிலிருந்து அடிப்பான். வேறு யாரும் அப்படிச் செய்ததை நான் கண்டதில்லை.

அன்று காலை யோகன் வரவில்லை. பஸ் சுணங்கியிருக்கும் என்று நினைத்தேன். தேநீரோடு வந்து உட்கார்ந்தபோது யோகன் டோக்கில் அழைக்கிறான் என்று திரையில் வரி வந்தது. பக்கத்து அறையில் வந்து இருக்கிறானாக்கும் என்று நானும் பதில் கட்டளையை அடித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ், அவன் வழக்கம்போல.

"அண்ணே, பஸ்ஸ நிறுத்தி எறக்கிட்டாங்க. வத்தேகம ரோட்டு ஆமி கேம்ப்ல இருக்கேன்." அடுத்த வரி பாதியில் துடைபட்டது, மறுபடி வந்தது. "எழுத்து தாள பாத்துட்டு மேப்புன்னு சொல்றாங்க. ஸ்கிரீன்ல காட்டுனா நம்புவாங்க. வாங்க அண்ணே."

நான் எழுதத் தொடங்குமுன் இணைப்பு அறுந்து திரை பழையபடி ஒன்றாகிவிட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. பதற்றத்தில் கட்டளை எழுதுகிற வெற்று வரியிலேயே பதிலை அடித்துவிட்டேன்: "ஓம், வாறன். இருந்த இடத்தை விட்டு எழும்பாதை." என்டர் தட்டியதும் இயந்திரம் ஆங்கிலத்தில் தன் வழக்கமான பதிலைச் சொன்னது: 'அப்படி ஒரு கட்டளை இல்லை.' எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருநாளாவது செய்கிற பிழை. எழுதியது எங்கேயும் போகாது, அந்த இயந்திரத்தோடு சரி.

பக்கத்து அறைக்கு ஓடினேன். யோகனின் கதிரை காலி. இயந்திரங்களைப் பழுது பார்க்கும் நிஸாம் நானா மட்டும் எதையோ கழற்றிக்கொண்டு இருந்தார். கெலிஓயா முஸ்லிம், எங்கள் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். சொந்தமாக வான் வண்டி வைத்திருந்தார், சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார். நடந்ததைச் சொன்னேன்.

"என்ன தம்பி செல்ற நீங்க? கேம்ப்ல புடிச்சி வெச்சா கொம்பியூட்டர் குடுத்து, வாப்பா, கூட்டாளியோட பேசுன்னு செல்லுவாங்களா?"

"நானா, அது யோகன்தான். அவன் எழுதுற விதம் எனக்குத் தெரியும்."

"ஆரும் வெளாடி இருப்பாங்க."

"இருக்கட்டும். விளையாட்டெண்டால் திரும்பி வருவம். உண்மையெண்டால்?"

நானா ஸ்க்ரூட்ரைவரை வைத்துவிட்டு வான் திறப்பை எடுத்தார். "வாங்க. ஆனா அங்க பெய்த்து நீங்க வாயத் தொறக்க வேணாம். உங்கட சிங்களத்த கேட்டா ஒங்களையும் சேத்து வெச்சிக்கிருவான்."

ஆய்வுகூடத்து மடிக்கணினியில் யோகனின் எழுத்துக்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு தானாகத் தேடி ஒரு முகாமுக்குப் போவது அப்போது என்ன காரியம் என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். வழியெல்லாம், அது விளையாட்டாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

விளையாட்டு இல்லை. நம்பினால் நம்புங்கள், முகாம் முற்றத்து வாங்குப் பலகையில் யோகன் இருந்தான். தனியாக, இரண்டு கையும் தலைக்கு மேல். உள்ளே மேசையில் அவனுடைய தாள்கள். அதிகாரி இளைஞர். ஒரு தாளைத் தூக்கி, இது என்ன என்ற அர்த்தத்தில், "மேக்க மொகக்த?" என்று கேட்டார். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்தான். கட்டடமும் பாதையும் காவலரணும் குறித்த வரைபடம் போலவே இருந்தது. பென்சில் அடையாளங்கள் வேறு.

நானா பேசப் பேச நான் மடிக்கணினியைத் திறந்தேன். அதே கட்டத்தைத் திரையில் காட்டி ஒரு கட்டளை கொடுத்தேன். புள்ளிகள் மறைந்து 'ழ' எழுந்து நின்றது. அதிகாரி நம்பாமல் தாள்களைக் கலைத்து நடுவிலிருந்து ஒன்றை உருவினார். அதையும் காட்டினேன். பிறகு இன்னொன்று. நான்காவது தாளுக்கு அவர் முகம் மாறிவிட்டது. வாசலுக்கு வந்து, சிங்கள எழுத்தும் இப்படிச் செய்யலாமா என்று யோகனையே கேட்டார். "புளுவன் சேர்," என்றான் அவன், கையை இறக்காமலே. முடியும் என்று. அந்த நிலையிலும் அவன் குரலில் வேலை பேசுகிறவனின் உற்சாகம் இருந்தது. அதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். வானில் ஏறி முகாமைத் தாண்டினோம். பிறகு நானா, "தம்பி, கேம்ப்ல எந்தக் கொம்பியூட்டர்லப்பா நீங்க டைப் அடிச்ச?" என்று கேட்டார்.

"டைப்பா? நல்லா இருக்கே நானா! காலைல இருந்து கைய தூக்கிட்டு ஒக்காந்திருக்கேன், மூக்க சொறிய கூட விடல. மனசுக்குள்ள அண்ணனுக்கு எழுதிக்கிட்டே இருந்தேன், அவ்வளவுதான்."

நானா வானை ஓரமாக நிறுத்திவிட்டார்.

யோகன் என் பக்கம் திரும்பினான். "நீங்க வருவீங்கன்னு தெரியும் அண்ணே. லொறி வந்துச்சு. எங்கூட ரெண்டு பேர் இருந்தாங்க. மூணு பேரும் ஏறுங்கன்னாங்க, அவங்க எந்திரிச்சு போனாங்க. எனக்கு 'இருந்த இடத்தை விட்டு எழும்பாதை'ன்னு உங்க கொரல்லயே கேட்டுச்சு. அப்படியே ஒக்காந்துட்டேன். சிப்பாய் என்னையே பாத்தான். உள்ள இருந்து யாரோ கூப்பிட்டாங்க, அவன் போயிட்டான். லொறியும் போயிருச்சு."

அந்த இருவரில் ஒருவர் நெடுநாள் கழித்து வேறொரு ஊர்ச் சிறையிலிருந்து வந்தார். மற்றவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பியதும் இயந்திரத்தின் வருகைப் பதிவைப் பார்த்தேன். அன்று அதற்குள் நுழைந்தவன் நான் ஒருவன்தான். யோகன் என்ற பெயரே இல்லை. யாராவது புகுந்து விளையாடியிருக்கலாம் என்று அடுத்த வாரம் முழுவதும் ஒவ்வொரு கதவாகச் சோதித்தேன். எல்லாம் பூட்டித்தான் இருந்தன.

நான் அடித்த அந்த வரியைப் பற்றி அவனிடம் சொல்லப் பல மாதம் பிடித்தது. கேட்டுவிட்டு அவன் சிரிக்கவில்லை. டோக்கில் வந்த வரிகளில் லொறி இல்லை. வாங்க என்று கேட்டவனுக்கு வாறன் என்பதோடு பதில் முடிந்துவிடும். இரண்டாவது வாக்கியத்தை என் விரல்கள் ஏன் அடித்தன?

இப்போது அவன் கண்டியிலேயே சொந்தமாக வேலை செய்கிறான். எங்கள் எழுத்துக்கள் எந்தத் திரையிலும் தாமாகத் தெரிகின்றன. சந்திக்கும்போதெல்லாம் போகிற நேரத்தில் ஒருமுறை நின்று கேட்பான்.

"லொறி வரப்போறது ஒங்களுக்கு யாரு அண்ணே சொன்னா?"